சிறு தொழிற்சாலைக்கு சாஃப்ட்வேர்: எதை எழுதி வாங்கலாம், எது வேண்டாம்?

சிறு உற்பத்தி நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். "பில், கணக்கு, சம்பளம், ஸ்டாக் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் வேண்டும்" என்றுதான் முதலாளிகள் பேச்சைத் தொடங்குவார்கள். வேண்டாம் என்பேன். கணக்கும் சம்பளமும் எல்லா நிறுவனத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வரி விதி மாறும்போதெல்லாம் திருத்தித் தர ஆள் வைத்திருக்கும் ரெடிமேட் பேக்கேஜே அதற்குப் போதும். உங்கள் பட்டறைக்கு மட்டுமே உரிய நடைமுறை எதுவோ, அதைத்தான் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

அது பெரும்பாலும் ஸ்டோருக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கும். இரும்புக் கம்பியை கிலோவில் வாங்குகிறோம், நீளத்தில் வெட்டுகிறோம், எண்ணிக்கையில் விற்கிறோம். 25 மி.மீ. உருண்டைக் கம்பி மீட்டருக்கு சுமார் 3.85 கிலோ. ஒரு மீட்டரில் 100 மி.மீ. துண்டு பத்து வருமா? வராது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு 2, 3 மி.மீ. எடுத்துக்கொள்ளும். ஒன்பது வரும், ஒரு மிச்சத் துண்டு நிற்கும். அது ஸ்கிராப்பா, அடுத்த ஆர்டருக்கு ஆகுமா என்பது ஸ்டோர்காரருக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கணக்கு உள்ளே ஏறாவிட்டால் மாதக் கடைசியில் ஸ்டாக் உதைக்கும். பிளேட்டிங்குக்கு (உலோகப் பூச்சுக்கு) வெளியே போகும் சரக்கும் அப்படித்தான்: 500 போனால் இரண்டு மூன்று தவணையாகத் திரும்பும், சில ரிஜெக்ட் ஆகும். சரக்கோடு அனுப்பும் சீட்டான சலான் ஒவ்வொன்றுக்கும் பாக்கி காட்டாத சாஃப்ட்வேர் இங்கே உதவாது.

அதனால் புரோகிராம் எழுதும் முன் ஸ்டோர்காரரோடு உட்காருங்கள் என்று புதிதாக வரும் புரோகிராமர்களிடம் சொல்வேன். வேலை நடுவே அவரால் எட்டுக் கட்டங்களை நிரப்ப முடியாது. துண்டுச் சீட்டில் குறித்து வைப்பார். சாயங்காலம் வேறொருவர் அதை உத்தேசமாக ஏற்றுவார். எண் தப்பாவது அங்கேதான். ஜாப் கார்டு (ஒவ்வொரு வேலைக்கும் போடும் அட்டை) நம்பர், எண்ணிக்கை, இந்த இரண்டை மட்டும் அவர் போட்டால் போதும். எடை, மிச்சம் எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் கணக்கிடட்டும்.

அப்புறம் ஒப்பந்தம். சோர்ஸ் கோடு (புரோகிராமர் எழுதிய மூல நிரல்), தரவு இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். கேட்கக் கூச்சமே வேண்டாம், அது உங்கள் தரவு. பேக்கப் அதே கம்ப்யூட்டரில் இருந்தால் டிஸ்க் போகும்போது சேர்ந்தே போய்விடும். வேறு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். அதைத் திறந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

பழைய நோட்டை உடனே மூடிவிடாதீர்கள். குறைந்தது ஒரு மாதக் கடைசி ஸ்டாக்காவது இரண்டிலும் ஒத்துவந்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.