பாதாளக் கரண்டியும் ஆன்லைன் வகுப்பும்

கேரள-தமிழக எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பையன் ஏழாவது, தமிழ் மீடியம். மழைக்கு லீவு விட்டால் ஆன்லைனில் கிளாஸ். வீடியோவை மூணு தடவை பார்த்துட்டு 'புரிஞ்சுதும்மா'ங்கிறான். டீச்சரோ எதையும் பார்க்காமல் சொந்த வார்த்தையில் பத்து வரி எழுதி குரூப்பில் போடச் சொல்றாங்க. அதுக்கு அழறான். அந்த நேரத்துக்கு வீடியோவையே நாலாவது தடவை பார்த்தால் என்ன?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் டீச்சர் கட்சி.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவு ஒரு பாடத்தை நான்கு சுற்று படித்தது. இன்னொரு பிரிவுக்குப் படிக்க ஒரே சுற்றுதான். மீதி மூன்று சுற்றும் வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னால்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ். படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இதில் வேடிக்கை, தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது நான்கு சுற்று படித்த பிரிவுதான். உங்கள் பையனின் 'புரிஞ்சுதும்மா' இந்த வகை. பார்த்த வீடியோவை மறுபடி பார்த்தால் எல்லாம் தெரிந்த முகமாகத்தான் இருக்கும். முகம் தெரிவது வேறு, கேட்டதும் பெயர் நாக்கில் வருவது வேறு.

சரி, எழுதும்போது அப்படி என்ன நடக்கிறது? எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துக் கிணற்றடிகளில் வளர்ந்தவர்களுக்குப் பாதாளக் கரண்டி தெரிந்திருக்கும். கயிறு அறுந்து வாளி உள்ளே போனால், கொக்கி கொக்கியாக இருக்கும் அந்த இரும்பை இறக்கித் துழாவுவோம். முதலில் சேறு வரும். பிறகு போன வருஷம் விழுந்த சொம்பு வரும். கடைசியில்தான் வாளி.

மூளையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பாடத்தின் படம், டீச்சரின் குரல், சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. மூளையின் மேலடுக்கான புறணியில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. காதுக்கு நேர் உட்புறமாகக் கடற்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் அவற்றின் முடிச்சுகளைப் பிடித்திருக்கிறது. ஒரு நுனி கிடைத்தால் அதை வைத்து மற்றவற்றை இழுக்கும். அந்த இழுவையில் ஒன்றாக விழித்துக்கொள்ளும் நரம்பணுக்களின் பிணைப்பு இறுகுகிறது. தேடும் வழியில் தட்டுப்படும் சொம்புகளும், அதாவது தொடர்புள்ள பழைய விஷயங்களும், கூடவே கோர்த்துக்கொள்கின்றன. அடுத்த முறை இழுக்க நுனிகள் அதிகம். வீடியோ பார்ப்பதில் இந்தத் துழாவலே கிடையாது. வாளியை யாரோ எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

என்னிடம் டியூஷன் வரும் ஒரு பையன் ஒளிச்சேர்க்கை பற்றி எழுதினான். "இலை வெயிலில் சாப்பாடு செய்யுது" என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். எதை வைத்துச் செய்கிறது? வீடியோவில் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் எல்லாம் சொன்னார்கள்தான். அவனுக்கு அது காதில் தங்கவில்லை. திரும்பப் போட்டபோது அந்த இடம் வந்ததும் "காத்துல இருந்தா மரம் வளருது!" என்று கத்தினான். ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு பார்த்ததால் வந்த கத்தல் அது.

பரீட்சை நெருங்கினால் ஞாபகசக்தி டானிக்கும், பூஜையில் வைத்த பேனாவும் எங்கள் ஊரில் நன்றாக ஓடும். பேனாவாவது பரவாயில்லை, எழுத உதவும். பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கக் காசு இருக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து யோசிக்கும் எல்லைப் பிள்ளைகளுக்கு எது மனதில் நிற்கிறது என்று ஆராயவும் அதில் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன?

அதனால் அம்மா, நாலாவது தடவை வேண்டாம். ஒரு தடவை பார்க்கட்டும், போனை வாங்கி வைத்துவிட்டுத் தாளைக் கொடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், நடுவில் மலையாளம் வந்தாலும் வரட்டும். பத்து வரி வராவிட்டால் மூன்று போதும். அப்புறம் வீடியோவைப் போட்டு, விட்டது என்ன என்று அவனே பார்க்கட்டும். ஒரு வாரம் கழித்து, அதே பாடம், இன்னொரு வெற்றுத்தாள்.