உடம்புக்குள் ஒரு முறைப்பாசனம்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 68 வயது. வயதாவதைத் தள்ளிப்போடும் என்று யாரோ சொன்னதை நம்பி தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் மாத்திரை போடுகிறாராம். "இதில் உண்மை இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் புரூஸ் ஏம்ஸ் 2006-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். செலினியம் போல உடம்புக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் நுண்சத்து பற்றாக்குறையானால், இன்றைக்கு உயிர் பிழைக்கத் தேவையான வேலைகளுக்கே உடம்பு முதலில் அதைக் கொடுக்கும். பழுது பார்க்கும் வேலைகள் காத்திருக்கும். அந்தப் பழுதுகள் சேர்ந்துதான் முதுமை நோய்களாக வருகின்றன என்றார். டெல்டாக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தானே விடுகிறார்கள்? தலைமடை நனையும், கடைமடை வானத்தைப் பார்த்துக் கிடக்கும்.

சரி, செல்லுக்குள் முறை வைப்பது யார்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

புரதம் செய்வதற்கான செய்தி, ஆர்.என்.ஏ. நாடாவில் மும்மூன்று எழுத்தாக வரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். யு-ஜி-ஏ என்று வந்தால் 'நிறுத்து' என்று பொருள். ஆனால் மனித உடலில் 25 மரபணுக்களில் மட்டும் அதே யு-ஜி-ஏ, 'செலினியம் உள்ள அமினோ அமிலத்தை இங்கே கோர்' என்று பொருள்படுகிறது! நாடாவின் வால் பகுதியில் கொண்டை ஊசி போல ஒரு மடிப்பு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் செல் இங்கே நிறுத்தக் கூடாது என்று அறிகிறது. கோர்ப்பதற்குச் செலினியம் கையில் இல்லையென்றால்? வாசிப்பு பாதியில் நிற்கும். செல் அந்த நாடாவையே பிழையானது என்று கருதிக் கிழித்துப் போடும். எல்லா நாடாவும் ஒரே மாதிரி கிழிபடுவதில்லை என்பதுதான் அற்புதம். செல்லைச் சிதைவிலிருந்து காக்கும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற செலினியப் புரதத்தில் பல வகை உண்டு. அதன் 1-ஆம் வகையின் நாடா சீக்கிரம் அழிகிறது. 4-ஆம் வகையின் நாடா தாக்குப்பிடிக்கிறது. நான்காவது இல்லாத எலி கருவிலேயே இறந்துவிடும். முதலாவது இல்லாத எலி நன்றாகவே வளரும், குட்டியும் போடும். நம் வயல்களுக்குத் தெரிந்த பாராகுவாட் களைக்கொல்லியைக் கொடுத்துப் பார்த்தால்தான் குறை தெரியும். மற்ற எலிகள் தாங்கும் அளவில் இது செத்துப்போகும். கடைமடைப் புரதம் என்றால் இந்த முதலாவது வகைதான்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். தண்ணீர் கட்டிய நெல் வயலில் காற்றுப் புகாது. அப்போது செலினியம் வேர் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. துத்தநாகமும் அப்படித்தான் முடங்கும். ஆனால் துத்தநாகம் குறைந்தால் நட்ட சில வாரங்களில் இலையில் துருப்பிடித்தது போலப் புள்ளி விழும், ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் போட்டுச் சமாளிப்போம். நெற்பயிருக்குச் செலினியம் தேவையே இல்லை. அதனால் பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், குறை சாப்பிடுகிறவர் உடம்பில்தான் வரும். மண்வள அட்டையில் பார்க்கும் 12 அளவுகளில் செலினியம் கிடையாது. இது எனக்குப் பெரிய ஆதங்கம். பின்லாந்து 1984-லேயே உரத்தில் செலினியம் சேர்க்க முடிவெடுத்தது. நாமும் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பஞ்சாபின் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பக்கம் மண்ணில் செலினியம் மிஞ்சிப்போய் மாடுகளின் குளம்பு கழன்றிருக்கிறது. முதலில் அளக்க வேண்டும். ஆடுதுறையிலிருந்து வேதாரண்யம் வரை மண்ணையும் அரிசியையும் அளக்கும் ஓர் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்கட்டும்.

அப்பாவின் மாத்திரைக்கு வருகிறேன். பற்றாக்குறை இருந்தால் அதைத் தீர்ப்பது வேறு, போதுமான அளவு இருக்கும் உடம்பில் மேலும் கொட்டுவது வேறு. அமெரிக்காவில் 35,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து, இதே 200 மைக்ரோகிராம் செலினியம் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று சோதித்தார்கள். பலனில்லை என்று 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும். முட்டையிலும் மத்தி மீனிலும் நன்றாகவே கிடைக்கும். மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் அளவு பார்க்கும்வரை மாத்திரையை நிறுத்தி வையுங்கள். முடி கொட்டுகிறதா, நகம் உடைகிறதா, பூண்டு சாப்பிடாத நாளிலும் மூச்சில் பூண்டு வாடை வருகிறதா என்று அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள். செலினியம் மிஞ்சினால் இவைதான் முதலில் தெரியும்.