நாலு டிஸ்க் இல்லை, ஒரே டிஸ்க்

2023-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த நேரம். ஒரு ராத்திரி எங்கள் சர்வர் அறையில், சர்வர்களை ஸ்டோரேஜோடு (டிஸ்க்குகள் இருக்கும் தனிப் பெட்டி) இணைக்கும் இரண்டு ஃபைபர் சுவிட்சுகளில் ஒன்று அணைந்துவிட்டது, அதைத் தாங்க வேண்டிய யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆறு சர்வர்களில் ஐந்து எதுவுமே நடக்காதது போல ஓடின. ஆறாவதில் மட்டும் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) 'படிக்க மட்டும்' நிலைக்குப் போய், எழுதுகிற வேலையெல்லாம் நின்றுவிட்டது. இத்தனைக்கும் ஆறுக்கும் ஒரே மாதிரி வயரிங்.

அன்றைக்கு என்னோடு இருந்த சாட்ஸ்வர்த் பகுதிப் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஸ்டோரேஜிலிருந்து ஒரு டிஸ்க்தானே கொடுத்தோம், இங்கே நாலு காட்டுதே?" என்று கேட்டான். சரியான கேள்வி. சர்வரில் இரண்டு ஃபைபர் போர்ட், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர், ஆக நாலு வழி. லினக்ஸ் ஒவ்வொரு வழியாகவும் போய்ப் பார்த்து, எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று ஒரே டிஸ்க்குக்கு நாலு பெயர் வைத்துவிடுகிறது. ஒரே வீட்டை நாலு தெருவிலிருந்து பார்த்து நாலு வீடு என்று எண்ணுவது மாதிரி.

இதைச் சரிசெய்வதுதான் மல்டிபாத். டிஸ்க்கிடமே அதன் அடையாள எண்ணைக் கேட்கும். உலகத்தில் வேறு எந்த டிஸ்க்குக்கும் இல்லாத அந்த எண்ணை டபிள்யு டபிள்யு ஐடி என்கிறார்கள். நாலு பெயரும் ஒரே எண்ணைச் சொன்னால் நாலையும் சேர்த்து எம்பாத்ஏ என்று ஒரே டிஸ்க்காகக் காட்டும். ஒரு வழி செத்தால் அடுத்த வழியில் அனுப்பும், மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எல்விஎம் என்பது டிஸ்க்கின் இடத்தை வால்யூம் என்ற பகுதிகளாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் மென்பொருள். அதற்கு இந்த எண்ணெல்லாம் கணக்கில்லை. அது டிஸ்க்கின் தொடக்கத்தில், வழக்கமாக இரண்டாவது செக்டர் என்கிற சின்னக் கட்டத்தில், தான் எழுதி வைத்த முத்திரையைத் தேடும். எந்த வழியாகப் போனாலும் கிடைப்பது அதே முத்திரைதானே, அதனால் நாலில் எதன்மீதும் அது ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். கீழே மல்டிபாத், அதன் மேலே எல்விஎம், இந்த வரிசை மாறவே கூடாது.

ஆறாவது சர்வரில் மாறியிருந்தது. பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னக் கோப்புத் தொகுப்புக்குள் மல்டிபாத்தின் அமைப்பு இல்லை, எல்விஎம் முந்திக்கொண்டு எஸ்டிபியைப் பிடித்துவிட்டது. அப்புறம் வந்த மல்டிபாத்தால், ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கும் டிஸ்க்கை எடுக்க முடியவில்லை. மாதக்கணக்கில் எல்லாம் நன்றாக ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை, அந்த ஒரு வழி போன அன்றைக்குத்தான் வெளியே வந்தது. எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று சொல்லும் எல்விஎம்மின் வடிகட்டியில் எம்பாத் பெயர்களை மட்டும் அனுமதித்து, அந்தத் தொகுப்பை மறுபடி கட்டி, ரீபூட் செய்து, கையாலேயே ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம். எழுதுவது ஒரு நொடி தயங்கி, தொடர்ந்தது. இப்போதைய எல்விஎம் மல்டிபாத்துக்குள் இருக்கும் தனித்தனி வழிகளைத் தானாகவே கண்டுகொண்டு ஒதுக்கப் பார்க்கும், ஆனாலும் கேபிளைப் பிடுங்காமல் நான் எதையும் நம்புவதில்லை.

பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. பல வழி வேறு, பல சர்வர் வேறு. ஒரே டிஸ்க்கை இரண்டு சர்வர்கள் பார்க்கும்போது மல்டிபாத் ஒரு பாதுகாப்பும் தராது. எல்விஎம் டிஸ்க்கை வழக்கமாக 4 எம்ஐபி (சுமார் 4 மெகாபைட்) துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறது, 100 ஜிஐபி (ஒரு ஜிஐபி 1,024 எம்ஐபி) வால்யூம் என்றால் 25,600 துண்டு. எந்தத் துண்டு யாருடையது என்ற பட்டியல் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் 'காலித் துண்டு' என்று அதே இடத்தை எடுத்து எழுதினால் ஒன்றின் தரவு மற்றதை மூடிவிடும். வேறொரு சிக்கலும் இருக்கிறது: ஒரு சர்வரில் வால்யூமைப் பெரிதாக்கினால், மற்றதன் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் பட்டியலில் கை வைக்காமல் பூட்டுப் போடுகிற வேலையை முன்பு சிஎல்விஎம்டி என்ற நிரல் செய்தது, இப்போது எல்விஎம்லாக்டி செய்கிறது. சான்லாக் என்ற பூட்டு மேலாளரோடு சேர்த்துப் போட்டால் பூட்டே அந்தப் பகிர்ந்த ஸ்டோரேஜில்தான் இருக்கும், ஒவ்வொரு சர்வருக்கும் 1 முதல் 2000 வரை தனி எண் கொடுக்க வேண்டும். பூட்டு இருக்கிறதே என்று எக்ஸ்ட்4 என்ற சாதாரண ஃபைல் சிஸ்டம் உள்ள வால்யூமை இரண்டு சர்வரில் மவுண்ட் செய்துவிடாதீர்கள், அது கெட்டுப்போகும். இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தவென்றே உள்ள ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம்தான் போட வேண்டும்.