கதிர் எண்ணும் கருவி ஒரே எண்ணைக் காட்டினால் கவலைப்படுங்கள்

"ஒரே சீசியம் மூலம் (கதிர்வீச்சைத் தரும் சோதனைப் பொருள்), ஒரே இடம், ஒரு நிமிட எண்ணிக்கை. மூன்று முறை எடுத்தேன். 9,912, 10,087, 10,034 என்று வருகிறது. கருவி பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பழுதில்லை. எண்கள் இப்படி ஆடத்தான் வேண்டும்.

எந்த அணுக்கரு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படித் தற்செயலாக நடப்பவற்றை எண்ணும்போது, சராசரியின் வர்க்கமூலமே திட்ட விலக்கம், அதாவது எண்கள் வழக்கமாக ஆடும் அளவு. 10,000-க்கு 100. இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் கெய்கரும், ஆல்ஃபா துகள்கள் திரையில் மோதும்போது தோன்றும் மினுக்கங்களை ஏழரை நொடிக்கு ஒரு கணக்காக 2,608 முறை எண்ணி, அவை பாய்சான் பரவலுக்கு (தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கை எப்படி ஆடும் என்று சொல்லும் கணித விதி) ஒத்துப்போவதை 1910-இலேயே காட்டிவிட்டார்கள்.

அப்படியென்றால், ஆட்டம் சரியான அளவில் இருக்கிறதா என்று கருவியையே சோதிக்கலாம் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பின்புலத்தை (மூலம் இல்லாதபோதும் சுற்றுப்புறத்திலிருந்து வரும் எண்ணிக்கையை) கழிக்காமல் பத்து முறை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி, சராசரியால் வகுங்கள். இதுதான் கை-வர்க்கச் சோதனை (chi-square; 'கை' என்பது ஒரு கிரேக்க எழுத்து). நல்ல கருவியில் விடை, எண்ணிய தடவைகளைவிட ஒன்று குறைவாக, அதாவது 9-ஐ ஒட்டி வரும். பத்தில் ஒன்பது தடவை 3.3-க்கும் 16.9-க்கும் இடையில் விழும்.

விடை மிகப் பெரிதாக வந்தால் கேபிள் இணைப்பு தளர்ந்திருக்கலாம், உயர் மின்னழுத்தம் நிலையில்லாமல் இருக்கலாம். இதை எவரும் ஊகிப்பார்கள். மிகச் சிறிதாக வந்தாலோ பலர் மகிழ்ந்துபோகிறார்கள்! பத்து எண்ணும் 9,990-க்கும் 10,010-க்கும் இடையில் நின்றால் விடை 0.1-ஐத் தாண்டாது. கதிரியக்கத்துக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. வேறு எதையோ கருவி எண்ணுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே புகுந்தால், நிமிடத்துக்கு 3,000, அடுத்த நிமிடமும் அதே 3,000. கதிர் எண்ணும் கருவிகளில் ஒரு வகையான கெய்கர் குழாயில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு துகளைப் பதிந்தபின் சுமார் 100 மைக்ரோநொடி அது எதையும் உணராது. கதிர்வீச்சு மிகுந்தால், நெருங்கி வரும் துகள்கள் தவறிப்போய், மிச்சம் செயற்கையாகச் சீராகிவிடும்.

அன்றாடச் சோதனை எளிது: மூலம் இல்லாமல் ஓர் எண்ணிக்கை, மூலத்தோடு ஓர் எண்ணிக்கை, இரண்டையும் வரைபடத்தில் குறிப்பது. மூலம் இல்லாத எண்ணிக்கை ஏறினால் உணர்வானில் (கதிரை உணரும் பகுதியில்) கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூலமும் தேயும். சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு, ஆண்டுக்கு 2.3 சதவீதம் குறையும். சென்ற ஆண்டு 10,000 காட்டிய மூலம் இன்று 9,770 காட்டும். 200 விலகினாலே எச்சரிக்கை என்று கோடு போட்டுவிட்டு, தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காத ஆய்வகம் நல்ல கருவியைப் பழுதென்று ஒதுக்கிவிடும்.

கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், சோதனை மூலத்துக்கும் அதை அன்றாடம் எண்ணுகிறவரின் நேரத்துக்கும் ஒதுக்க மறந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம். சோதிக்காத கருவி தரும் எண்ணை வைத்து யாருடைய பாதுகாப்பையும் முடிவுசெய்யக் கூடாது.

வாசகரின் மூன்று எண்களுக்குக் கை-வர்க்கச் சோதனையின் விடை 1.6 வருகிறது, மூன்று எண்ணிக்கைக்கு எதிர்பார்ப்பது 2. மூலத்தை நகர்த்தாமல் இன்னும் ஏழு எடுத்துவிடுங்கள்.