மண்டையோட்டுக்கு முன்னால் கேமரா எங்கே நிற்க வேண்டும்?

"அண்ணா, கொந்தகையில கெடச்ச 2,500 வருஷத்து மண்டையோட்டுக்கு முகம் வரைஞ்சிட்டாங்க. எங்க மாமா போயி மூணு வருஷந்தான் ஆவுது. அவர ஏன் கண்டுபுடிக்க முடியல?"

காசிமேட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்த கேள்வி. கொந்தகை என்பது கீழடி பக்கத்தில் இருக்கும் பழங்கால இடுகாடு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய மாமா திரும்பவில்லை. சில வாரம் கழித்து எண்ணூர்ப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியது. போலீஸ் காட்டிய படத்தைப் பார்த்து மாமாவின் அக்கா "என் தம்பிதான்" என்று அழுதார். மாமாவின் மனைவி "இவர் இல்லவே இல்லை" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதுகூடத் தீராத சண்டையாகக் கிடக்கிறது.

கடல், துறைமுகம், கொருக்குப்பேட்டை தண்டவாளம் என்று இருக்கும் வடசென்னையில் இது புதிதல்ல. "அடையாளம் தெரியாத ஆண் பிரேதம், வயது சுமார் 45, மாநிறம்" என்ற வரியைக் காவல் நிலையப் பலகையில் படிக்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். அந்தத் தங்கைக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த இரண்டு பெண்களில் யாரும் பொய் சொல்லவில்லை. நாம் ஒருவரை அடையாளம் காண்பது கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாக இல்லை. முகத்தை மொத்தமாக, அதுவும் அசைவோடு பார்த்துத்தான். கடலில் கிடந்த உடலில் முகம் உப்பிப்போகும். இமை, உதடு, காது மாதிரி மெல்லிய சதையை மீனும் நண்டும் முதலில் எடுத்துவிடும். அந்த முகத்தைப் பார்க்கும் உறவினருக்கு மனம் எதை எதிர்பார்க்கிறதோ அதுவே தெரியும். அதனால்தான் பேரிடர் நேரத்தில் கைரேகை, பல், டி.என்.ஏ. மூன்றில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும், முகத்தைப் பார்த்து மட்டும் உடலை ஒப்படைக்கக் கூடாது என்று சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போலின் வழிகாட்டி சொல்கிறது.

சரி, கொந்தகை விஷயத்துக்கு வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக முக ஆய்வகமும் சேர்ந்து, முதுமக்கள் தாழியில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு முகம் கொடுத்தன. 2025ல் அந்தப் படங்கள் வெளியாயின. எலும்பை ஸ்கேன் செய்து, தசைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஒட்டி, அந்தந்த இடத்தில் எவ்வளவு சதை இருக்கும் என்ற சராசரி அளவை வைத்து மேலே தோல் போர்த்துவார்கள். நெற்றியில் சில மில்லிமீட்டர்தான்; கன்னத்தில் அதைப்போலப் பல மடங்கு. 1895லேயே ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறியலாளர், பிணங்களின் முகத்தில் ஊசி குத்தி இந்த அளவுகளை எடுத்து, இசைமேதை பாக்கினுடையது என்று நம்பப்பட்ட மண்டையோட்டுக்கு ஒரு சிற்பியைக் கொண்டு முகம் செய்தார். கண்ணின் இடம், மூக்கின் அகலம், தாடையின் வடிவம் இவற்றை எலும்பு நன்றாகவே சொல்லும். காது மடல், உதட்டின் தடிமன், ஆள் ஒல்லியா குண்டா, மீசை உண்டா இதையெல்லாம் எலும்பு சொல்லாது. அதனால் இப்படி வரைந்த முகம் நீதிமன்றத்துக்கான சாட்சி இல்லை. யாரோ ஒருவர் பார்த்து "எங்க ஊர் ஆள் மாதிரி இருக்கே" என்று காவல் நிலையத்துக்கு வந்தால் அதன் வேலை முடிந்தது.

ஒரு ஆதங்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தச் சதை அளவுகள் ஊருக்கு ஊர், ஆணுக்கும் பெண்ணுக்கும், வயதுக்கு வயது மாறும். நம்மவர்களின் அளவு நமக்கு நிறைய வேண்டும். அதற்கு இன்று ஊசி தேவையில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தலைவலிக்கும் விபத்துக்கும் எத்தனை பேருக்குத் தலை சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்! சம்மதம் வாங்கி, பெயரை நீக்கிவிட்டு அவற்றை அளந்தாலே ஒரு பொக்கிஷம் சேரும். இரண்டு ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையும் ஒரு கணினியும் போதும். இதற்குப் பணம் ஒதுக்குவது செலவு என்று நான் நினைக்கவே மாட்டேன்.

ஆனால் தங்கையின் மாமா விஷயம் வேறு. அங்கே "இது யார்" என்ற கேள்வி இல்லை, "இது அவரா" என்ற கேள்விதான். கையில் அவருடைய போட்டோ இருக்கிறது. அந்த போட்டோவையும் மண்டையோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் முறைக்கு மேற்பொருத்தல் என்று பெயர். ஆய்வகத்தில் சூப்பர் இம்போசிஷன் என்றே சொல்வார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

கேட்க எளிதாக இருக்கும். மண்டையோட்டைப் படம் எடு, போட்டோ அளவுக்குப் பெரிதாக்கு, ஒட்டிப் பார். இப்படிச் செய்தால் அந்த ஆளின் சொந்த மண்டையோடே பொருந்தாமல் போய்விடும்! காரணம் தூரம்.

கையில் போன் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். முகத்துக்கு நேராக 40 செ.மீ. தூரத்தில் பிடித்து ஒரு படம். அப்புறம் வேறொருவரை 2 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, ஜூம் செய்து முகம் அதே அளவுக்கு வரும்படி இன்னொன்று. முதல் படத்தில் மூக்கு பெருத்து, முகம் ஒடுங்கி, காது கிட்டத்தட்ட மறைந்திருக்கும். இரண்டாவதில் முகம் அகன்று காது நன்றாகத் தெரியும். மூக்கு நுனியிலிருந்து காதுக்கு ஏறக்குறைய 12 செ.மீ. என்று வையுங்கள். முதல் படத்தில் கேமராவுக்கு மூக்கு 40 செ.மீ., காது 52 செ.மீ. தூரம். அதாவது மூக்கோடு ஒப்பிட்டால் காது தன் உண்மை அளவில் 77 சதவீதம்தான் விழும். இரண்டாவதில் 200க்கு 212. காது 94 சதவீதம் விழும். ஜூம் எவ்வளவு என்பது இங்கே கணக்கிலேயே வராது. கேமரா எங்கே நின்றது என்பது மட்டும்தான் முகத்தின் விகிதத்தைத் தீர்மானிக்கிறது. எனக்கு இது முதல்முறை புரிந்த அன்று வீட்டில் இருந்த எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தேன்.

ஆக, பரிசோதனை செய்பவர் முதலில் அந்தப் பழைய போட்டோகிராபர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மண்டையோட்டை எல்லாப் பக்கமும் திருப்பக்கூடிய தாங்கியில் வைத்து, ஒரு கேமராவில் அதையும் இன்னொன்றில் போட்டோவையும் பிடித்து, திரையில் இரண்டையும் கலப்பார்கள். தலையைத் துளித்துளியாகச் சாய்த்து, கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்குழிக்குள் கண் உட்காருகிறதா, மூக்கு எலும்பின் ஓட்டை மூக்குக்குள் அடங்குகிறதா, காதுத் துவாரம் காதின் முன்மடலுக்குப் பின்னால் விழுகிறதா, எலும்பின் ஓரத்துக்கும் தோலின் ஓரத்துக்கும் நடுவே சதைக்கு நியாயமான இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்று இதில் பாதியைக் கணினியே செய்கிறது. நம் தமிழ்நாடு தடய அறிவியல் துறை இதில் பழம் தின்று கொட்டை போட்டது. அதன் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன் 1970களிலேயே இந்த முறையைச் செம்மைப்படுத்தி எழுதியிருக்கிறார்.

எவ்வளவு நம்பலாம்? 1994ல் அமெரிக்காவில் ஆஸ்டின்-ஸ்மித், மேப்பிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று மண்டையோடுகளைச் சம்பந்தமில்லாத ஏறக்குறைய நூறு பேரின் போட்டோக்களோடு பொருத்திப் பார்த்தார்கள். ஒரே ஒரு படம் என்றால் 100க்கு 9, 10 முறை தவறான மண்டையோடும் பொருந்திவிட்டது. நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அது 1க்கும் கீழே போனது. "இவர் இல்லை" என்று தள்ளுவதில்தான் இந்த முறைக்குப் பலம்.

சிரிக்கும் படமாக இருந்தால் இன்னும் நல்லது. உயிரோடு இருக்கும்போதே வெளியே தெரியும் எலும்புக்கூட்டின் ஒரே பகுதி பல்தானே. அங்கே சதை அளவு, சராசரி என்ற கேள்வியே எழாது. பல்லோடு பல்லை நேரடியாக ஒப்பிடலாம். ராயபுரத்துக்காரர்களுக்கு இது பழைய கதை. 1952ல் ஆளவந்தார் கொலை வழக்கில் தலையில்லாத உடல் ரயில் பெட்டியில் மானாமதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. தலை இங்கே ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. காது குத்தியிருந்த துளையும் பல்வரிசையும் அடையாளம் சொன்னவற்றில் முக்கியமானவை.

என் ஆயா கடைசிவரை படம் எடுக்க விட்டதில்லை. "போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். மூன்று பேர் நின்றால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பதை இன்றைக்கும் கேட்கிறேன். கோபமாகத்தான் வருகிறது. படத்தால் யாருடைய ஆயுளும் குறையாது. படம் இல்லாததால் ஒரு உடல் பெயரில்லாமல் புதைக்கப்படுவது உண்டு.

தங்கையிடம் "என்ன படம் இருக்கும்மா?" என்று கேட்டேன். வாக்காளர் அட்டை, அப்புறம் ஒரு கல்யாணத்தில் மாமா வாய்விட்டுச் சிரிக்கும் படம், மாலை போட்டு மாட்டுவதற்காகத் தலையை மட்டும் கத்தரியால் வெட்டியது. வெட்டிய மீதியில்தான் விஷயமே இருக்கிறது. 1935ல் பிரிட்டனில் நடந்த ரக்ஸ்டன் கொலை வழக்கில், இறந்த பெண்ணின் ஸ்டுடியோ படத்தில் தலையில் ஒரு கிரீடம் மாதிரி நகை இருந்தது. கிளெய்ஸ்டர், பிராஷ் என்ற இரு பேராசிரியர்கள் அந்த நகையையே தேடி வாங்கி அளந்து, படத்தை ஆள் அளவுக்குச் சரியாகப் பெரிதாக்கி மண்டையோட்டோடு பொருத்தினார்கள்.

மாமாவின் அம்மா உயிரோடு இருக்கிறார். அவருடைய ரத்த மாதிரியை டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு எடுக்கச் சொல்லி வழக்கை விசாரித்த நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், அதுதான் முதல் வேலை என்று சொன்னேன். கூடவே வெட்டாத கல்யாணப் படத்தையும் தேடச் சொன்னேன். போனில் எடுத்ததாக இருந்தால் மூலக் கோப்பே வேண்டும்; எந்த லென்ஸ் என்பதைப் போன் அதில் பதிந்து வைத்திருக்கும், வாட்ஸாப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது போய்விடும்.

நேற்று பதில் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் முழு ஆல்பம் இருக்கிறதாம். மாமாவின் தோளை ஒட்டி ஒரு குத்துவிளக்கு நிற்கிறது. அந்த விளக்கு இப்போதும் அத்தை வீட்டில், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. டேப் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள்.