விட்டு விட்டு எரியும் துருவ ஒளி

துருவ ஒளி என்றதும் பச்சைத் திரைபோல் நெளியும் ஒளிதான் நினைவுக்கு வரும். நள்ளிரவு தாண்டி அந்த ஆட்டம் அடங்கியபின், நார்வே, பின்லாந்து வானில் மங்கலான ஒளித்திட்டுகள் தோன்றி, சில நொடிகளுக்கு ஒருமுறை அணைந்து எரியும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியான காந்தக்கோளத்தில் அலைகள் செய்யும் வேலையை நேராகக் காட்டுவது இந்த ஒளிதான்.

எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி வடக்கும் தெற்குமாகப் போய்வருகின்றன. பூமியை நெருங்க நெருங்கப் புலம் வலுப்பதால், காற்றைத் தொடும் முன்பே திரும்பிவிடுகின்றன. கோட்டோடு ஒட்டிப் பாய்பவை மட்டுமே கீழே இறங்கும். இந்தக் கோண வரம்புதான் இழப்புக் கூம்பு. பூமியின் ஆரத்தைப்போல் 6 மடங்கு தொலைவில், காந்த நடுக்கோட்டில், அது சுமார் 3 பாகைதான். அதற்குள் இருப்பவை சீக்கிரமே தீர்ந்துவிடும். புதிய எலெக்ட்ரான்களைக் கூம்புக்குள் தள்ள ஏதாவது வேண்டும்.

தள்ளுவது கோரஸ் எனும் மின்காந்த அலை. காந்தக்கோளத்தின் இரவுப் பக்கம் நீண்டிருக்கும் வாலிலிருந்து உள்ளே வீசப்படும் எலெக்ட்ரான்கள் கிழக்கே, விடியல் பக்கமாக நகர்கின்றன. அவற்றின் ஆற்றல் புலக்கோட்டுக்குக் குறுக்காகவே மிகுந்திருக்கும். அந்த மிகுதி அலையாக வெளிப்படுகிறது. அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸ் முதல் சில கிலோஹெர்ட்ஸ் வரை. ஒலிபெருக்கியில் கொடுத்தால் விடியற்காலைப் பறவைகளின் கீச்சொலி போலவே கேட்கும்!

எதிரே வரும் எலெக்ட்ரானுக்கு அலையின் அதிர்வெண் கூடித் தெரியும். அது எலெக்ட்ரானின் சுழற்சியோடு பொருந்திவிட்டால், ஊஞ்சலைத் தக்க சமயத்தில் தள்ளுவதுபோல், தள்ளலெல்லாம் ஒன்றுசேர்ந்து பாதையின் கோணத்தை மாற்றிவிடும். கூம்புக்குள் விழுந்த 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான், நொடிக்குச் சுமார் 58,000 கி.மீ. வேகத்தில் வந்து, ஏறக்குறைய 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன், நைட்ரஜன் மீது மோதி அவற்றை ஒளிரச் செய்யும்.

கோரஸ் கூடிக் குறைவதற்கு ஏற்பத் திட்டும் கூடிக் குறைவதை 2010-இல் நாசாவின் தெமிஸ் செயற்கைக்கோள் தரவு காட்டியது. கூம்புக்குள் எலெக்ட்ரான்கள் விழுவதையே ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் அளந்தது. முடிவு 2018-இல் வெளியானது. 3 பாகைக்குள் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல, அதனால்தான் இத்தனை காலம்.

எரியும் திட்டுக்குள்ளேயே நொடிக்குச் சுமார் 3 முறை ஒரு நடுக்கம் உண்டு. அது கோரஸின் தனித்தனிக் கீச்சுகளின் தடம். பச்சை வடிகட்டி (557.7 நானோமீட்டர்) போட்டுப் படம்பிடித்தால் இது சரியாகப் பதியாது. கிளர்ந்த ஆக்சிஜன் அணு அந்த ஒளியை உமிழச் சராசரியாக முக்கால் நொடி எடுப்பதால் நடுக்கம் கரைந்துவிடும். நைட்ரஜன் அயனியின் 427.8 நானோமீட்டர் நீல ஒளியோ உடனுக்குடன் வரும். அந்த வடிகட்டியோடு நொடிக்கு 10 படங்களுக்குக் குறையாமல் எடுத்தால், ஒவ்வொரு துடிப்பும் தனியே தெரியும்.