‘தகலி’ முதல் ‘தக்காளி’ வரை: மதிப்பெண் காட்டாத வளர்ச்சி

கற்றலில் திணறும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியராகப் பணியாற்றுகிறேன். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும் வாரத்தில் என் அறைக்கு வரும் பெற்றோரின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் கூடும். இம்முறை வந்தவர்களில் ஒரு தந்தை, இரண்டாம் வகுப்பு படிக்கும் தம் மகளின் தமிழ் விடைத்தாளை மேசைமேல் விரித்து வைத்து, “டியூஷனுக்கும் அனுப்புறேன் மேடம், ஒண்ணுமே ஏறல” என்றார். சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று. அவர் பேசி முடிக்கும்வரை அந்தக் குழந்தை அந்த மூன்றின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டே நின்றாள். ஏழு வயதுக் குழந்தைக்குத் தன் மதிப்பெண்ணை மறைக்கத் தெரிந்திருக்கிறது என்றால் அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பெரியவர்களாகிய நாம்தான். இதே உரையாடலை இனியும் ஒவ்வொருவரிடமாக நடத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் குழந்தையின் பழைய நோட்டுகளை எடுத்து வரச் சொன்னேன். ஜூன் மாதத்தில் ‘தக்காளி’ என்று சொன்னபோது அவள் ‘தகலி’ என்று எழுதியிருந்தாள். ஆகஸ்டில் அதே சொல் ‘தகாலி’ ஆகியிருந்தது. தேர்வில் ‘தக்காலி’ என்று எழுதியிருக்கிறாள். மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறிதான், மூன்றுக்கும் பூஜ்ஜியம்தான். ஆனால் இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவருக்கும் அந்தக் குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பது தெரிந்துவிடும். முதலில் அவளுக்குச் சொல்லின் மெய்யொலிகளும் கடைசி ‘இ’ ஒலியும் மட்டுமே பிடிபட்டன; அடுத்ததாக நெடில் ஒலி காதில் விழுந்து துணைக்கால் வந்தது; அதற்கடுத்து இரட்டித்து ஒலிக்கும் ‘க்’ பிடிபட்டு ஒற்று வந்தது. எஞ்சியிருப்பது ல–ள வேறுபாடு ஒன்றுதான். அந்த வேறுபாடு இல்லாமல் வீட்டில் அனைவரும் ஒரே மாதிரிப் பேசும்போது, குழந்தை அதைக் காதால் கேட்டு அறிய வழியே இல்லை, கண்ணால் பார்த்துப் பழகித்தான் அது வரும். நான்கு மாதத்துக்குள் ஒரு குழந்தை இவ்வளவு தூரம் வந்திருப்பதைத்தான் அவள் தந்தை ‘ஒன்றுமே ஏறவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பல குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். ஒரு குழந்தை பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடும்: 7-இலிருந்து 2 போக 5, 4-இலிருந்து 1 போக 3. அதற்கு இடமதிப்பு இன்னும் புரியவில்லை. இன்னொரு குழந்தை பத்தைக் கடன் வாங்கி 12-இலிருந்து 7-ஐக் கழித்து 5 என்று சரியாகப் போட்டுவிட்டு, கடன் கொடுத்த 4-ஐ 3 ஆக்க மறந்துவிடும். அதற்கும் விடை 35-தான். இரண்டாவது குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழித்தலின் பெரும்பகுதி புரிந்துவிட்டது; ஒரே ஒரு படிதான் மீதம். விடைத்தாளில் இருவருக்கும் ஒரே தவறு, ஒரே பூஜ்ஜியம். 42-இல் உள்ள 2-க்கு மேலே பென்சிலால் சிறியதாக 12 என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால்தான் இவர்களைப் பிரித்தறிய முடியும். அந்தச் சிறிய 12-ஐக் கண்டு மகிழ்ந்து, “கடன் வாங்கணும்னு நீயே கண்டுபிடிச்சிட்டியே” என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் மறு வாரமே அந்த மீதிப் படியும் வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரப்பரால் அதை அழித்துவிட்டு, “ரஃப் எல்லாம் இங்க போடாதே” என்று திட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்னை மிகவும் வருத்தும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். மதிப்பெண்ணைத் தவிர்த்து வேறொன்றைப் பாராட்டுவது என்பது மதிப்பெண் வாங்க இயலாத பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதல் என்று பெரும்பாலான பெற்றோர் நம்புகிறார்கள். “பரவாயில்ல, நல்லா டான்ஸ் ஆடுறா” என்று முடித்துக்கொள்கிறார்கள். நடனமும் ஓவியமும் விளையாட்டும் தம்மளவில் போற்றத்தக்கவை, அவற்றைப் பற்றி நான் பேசவில்லை. நான் பேசுவது படிப்பைப் பற்றியேதான். வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் ஒரு குழந்தை நேற்று நின்ற இடத்திலிருந்து இன்று எங்கே வந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது ஆறுதல் அன்று. அது மதிப்பெண்ணைவிடக் கறாரான அளவீடு. வளர்ச்சி என்று சொல்வதற்கு இரண்டு நாட்களின் நிலை தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் ஒரே ஒரு நாளில், யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த சில கேள்விகளுக்குக் குழந்தை அளித்த விடையை மட்டும் சொல்கிறது. போன தேர்வில் 60, இந்தத் தேர்வில் 55 என்றால் குழந்தை பின்தங்கிவிட்டது என்று பொருளில்லை. பாடம் வேறு, கேள்வி வேறு, திருத்தியவர் வேறாகவும் இருந்திருக்கலாம்.

இது ஆறுதல் அன்று என்பதற்கு இன்னொரு சான்று, முழு மதிப்பெண் வாங்கும் குழந்தைகள். ஜூன் மாதத்திலும் பத்துக்குப் பத்து, டிசம்பரிலும் பத்துக்குப் பத்து வாங்கும் குழந்தை அந்த ஆறு மாதத்தில் என்ன புதிதாகக் கற்றது என்று கேட்டால் பல வீடுகளில் விடை இருக்காது. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. கேள்வி பதில் முழுவதையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம், அதே பாடத்தின் ஒரு வரியைச் சற்று மாற்றி எழுதிக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாமல் விழிப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குழந்தைக்கும் உதவி தேவை. அதன் 95 மதிப்பெண் அந்தத் தேவையை மறைத்துவிடுகிறது. ஆகவே இதை உங்கள் குழந்தை எந்த மதிப்பெண் வாங்கினாலும் செய்யுங்கள்.

பள்ளிக்கல்வியில் இது புதிய கருத்தும் அன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 29-ஆவது பிரிவிலேயே தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டையும், அச்சமின்றிக் கற்கும் சூழலையும் வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2012–13-இல் முப்பருவ முறை வந்தபோது பருவம் முழுவதும் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு (எஃப்.ஏ.) 40 மதிப்பெண், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று பிரித்தார்கள். செயல்பாடு, கலந்துரையாடல், சிறுதேர்வு ஆகியவற்றின் வழியாகக் குழந்தை கற்றுவரும் விதத்தைக் கவனிப்பதற்குத்தான் அந்த 40. அதையும் இன்னொரு மதிப்பெண்ணாக்கி, “எஃப்.ஏ.ல எவ்வளவு?” என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்யத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பதற்கான ஏற்பாடு அது. அதையும் சில வீடுகளில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் போலப் புரிந்துகொண்டு, “இன்னும் அரும்புலயேவா இருக்கே?” என்று குழந்தையை நாணச் செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலான ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-இலேயே அரசு நிறுத்திவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கே வேண்டாம் என்று முடிவான அந்தப் பட்டியலை ஏழு வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பள்ளி நிர்வாகங்கள் தயவுசெய்து இதை நிறுத்த வேண்டும். பெற்றோர் கேட்கிறார்கள் என்பது காரணமாகாது.

இனி, எப்படிப் பாராட்டுவது என்பது. ‘சூப்பர்’, ‘வெரி குட்’, ‘நீ அறிவாளி’ ஆகியவை பாராட்டுபோலத் தோன்றினாலும் எதைச் செய்ததற்காக என்பதைக் குழந்தைக்குச் சொல்வதில்லை. கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் ஆகிய உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் உள்ளவர்கள் நன்கு அறிந்தது. புதிர்களைச் சரியாகச் செய்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், இன்னொரு பகுதியினரிடம் ‘நீ நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். அதன்பின் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியைச் சந்திக்க வைத்தபோது, புத்திசாலி எனப் பாராட்டப்பட்டவர்கள் விரைவில் சோர்ந்தார்கள். அடுத்து, முதலில் கொடுத்தவற்றுக்கு நிகரான புதிர்களைக் கொடுத்தபோதும் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு மாணவருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளும் குழந்தையைப் பொய்க்காரன் என்று அடிக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கண்ணில் பட்டதைப் பட்டபடியே சொல்லுங்கள். “போன மாசம் இந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டித்தான் படிச்சே, இப்ப சொல் சொல்லா படிக்கிறே” என்பது பாராட்டு. ‘குரங்கு மரத்தில் ஏறினான்’ என்று வாசித்துவிட்டு, சற்று நின்று, யாரும் சொல்லாமலே திரும்பிப் போய் ‘ஏறியது’ என்று திருத்தும் குழந்தையை என் பணியில் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தான் வாசிப்பது பொருள் தருகிறதா என்று அது தானே சரிபார்க்கத் தொடங்கிவிட்டது. வாசிப்புத் தேர்வில் அந்த இடத்தில் ‘தடுமாற்றம்’ என்று குறித்து அரை மதிப்பெண் குறைக்கப்படலாம். வீட்டில் நீங்களாவது, “நீயே கண்டுபிடிச்சு மாத்திட்டே பாரு” என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய கொண்டாட்டம் தேவையில்லை. நூற்றுக்கு நூறு வாங்கினால் சைக்கிள் என்று பேரம் பேசாதீர்கள். அப்படிப் பேரம் பேசப்பட்ட குழந்தை சைக்கிளுக்காகப் படிக்கிறது, சைக்கிள் கிடைத்ததும் அந்தக் காரணம் தீர்ந்துபோகிறது. புதிதாக வாசிக்கப் பழகிய குழந்தையைப் பாட்டிக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட்டல் வந்துவிட்டால் மளிகைக் கடைச் சீட்டைக் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கற்றது பயன்படுகிறது என்று அது அறிவதே அதற்குக் கொண்டாட்டம்.

அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் கேட்பதில்லை. ஆண்டு முடிந்ததும் நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், மாதத்துக்கு ஒரு பக்கமாவது தேதியுடன் எடுத்து வையுங்கள். விடைத்தாளைக் கையில் வாங்கியதும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் உள்ளே ஒரு பக்கமாவது படியுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ‘எத்தனை வாங்கினாள்’ என்பதற்குப் பதிலாக, ‘சென்ற பருவத்தில் செய்ய முடியாத எதை இப்போது செய்கிறாள், அடுத்து எது வர வேண்டும்’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எந்த ஆசிரியரும் குழந்தையைக் கவனித்திருக்கத்தான் வேண்டும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு வகுப்பில் நாற்பது நோட்டுகளைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் எழுதச் சொல்லவில்லை. நாளுக்கு நான்கைந்து குழந்தைகளுக்கு, எண் எதுவும் போடாமல், ஒரு வரி எழுதினால் போதும். ‘எண் எதுவும் போடாமல்’ என்பதை வலியுறுத்துகிறேன். இஸ்ரேலில் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற குழந்தைகளின் ஆர்வமும் செயல்பாடும் உயர்ந்தன. மதிப்பெண்ணையும் கருத்துரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பயன் கிட்டவில்லை. மதிப்பெண் அருகில் இருக்கும்போது குழந்தையின் கண் வேறெங்கும் போவதில்லை. நமது கண்ணும் அப்படித்தான்.

வளர்ச்சியைப் பாராட்டுவது சிக்கலைப் பார்க்காமல் விடுவதற்கான சாக்காகிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் மேலே சொன்ன குழந்தையின் தவறுகள் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருந்தன, அதனால்தான் நான் கவலைப்படவில்லை. ஒரே சொல்லில் ஒரே தவறு ஆண்டு முழுவதும் மாறாமல் நிற்கிறது, எட்டு வயதான பின்னும் எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்க முடியவில்லை, நேற்று தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்றால் டியூஷனை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத குழந்தை அதைத் தானாகச் சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு குழந்தையின் நோட்டுகளுடன் சிறப்பாசிரியர் ஒருவரைப் பாருங்கள். அரசுப் பள்ளி என்றால் கல்வித்துறையின் ஒன்றிய அளவிலான வட்டார வள மையத்தில் கேட்கலாம். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஐந்தாம் வகுப்புவரை காத்திருந்து அழைத்து வருபவர்களே அதிகம். அதற்குள் குழந்தை தன்னால் ஆகாது என்று முடிவுசெய்துவிட்டிருக்கும். எழுத்தைக் கற்பிப்பதைவிட அந்த முடிவை மாற்றுவதற்கே எங்களுக்கு அதிக நாள் ஆகிறது. இரண்டாம் வகுப்பிலேயே அழைத்து வாருங்கள்.